பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிச் சமூகத்தின் தகவமைப்பு (2020–2022)

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பெருந்தொற்றையொட்டித் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் 19 மாதங்களுக்கும் மேலாக மூடப்பட்டிருந்தன. அக்காலத்தில் பள்ளியின் பணிகள் எவ்வாறு பிரிந்து வேறிடங்களுக்குச் சென்றன என்பதையும், அச்சுமையை ஏற்றவர்கள் யார் என்பதையும் இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கப்பள்ளி, பெருந்தொற்று, கல்வித் தொலைக்காட்சி, சத்துணவு, இல்லம் தேடிக் கல்வி.

முன்னுரை

தொடக்கப்பள்ளி என்பது கட்டடமும் பாடநூலும் மட்டுமன்று. ஆசிரியர், மாணவர், பெற்றோர், சத்துணவுப் பணியாளர், ஊர்மக்கள் ஆகியோர் நாள்தோறும் கூடும் ஒரு சமூக அமைப்பாகும். தமிழ்நாட்டில் இவ்வமைப்பு காமராசர் ஆட்சிக்காலத்து மதிய உணவுத் திட்டத்தாலும், 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டத்தாலும், குடியிருப்புகளுக்கு அருகிலேயே திறக்கப்பட்ட ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளாலும் வேரூன்றியது. 2020 மார்ச்சு மாதம் இக்கூடுகை நின்றபோது, பள்ளிச் சமூகம் எதைக் காத்துக்கொண்டது, எதை இழந்தது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

பள்ளி மூடலும் திறப்பின் வரிசைமுறையும்

தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்கள் 2020 மார்ச்சு 17 முதல் மூடப்பட்டன. மார்ச்சு 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. 1 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டு 17 அன்று முதல் வகுப்புச் சேர்க்கை தொடங்கியபோதும் வகுப்பறைகள் திறக்கப்படவில்லை.

திறப்பின் வரிசை கவனிக்கத்தக்கது. 2021 சனவரி 19 அன்று 10, 12ஆம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று 9, 11ஆம் வகுப்புகளும் தொடங்கின. இரண்டாம் அலைக்குப்பின் செப்டம்பர் 1 அன்று மீண்டும் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளே முதலில் திறக்கப்பட்டன. 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் நவம்பர் 1 அன்றுதான் தொடங்கின. பொதுத்தேர்வை எதிர்கொள்ளும் வகுப்புகளுக்கு முன்னுரிமை கிடைத்ததை இவ்வரிசை காட்டுகிறது. டென்மார்க் 2020 ஏப்ரலில் இளஞ்சிறார் வகுப்புகளையே முதலில் திறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவாவும் 2021 சூலையில் தொடக்கப்பள்ளிகளை முதலில் திறப்பது ஏற்புடையது எனக் கூறினார். எனினும், சிறு குழந்தைகளிடையே இடைவெளியைக் கடைப்பிடிக்கச் செய்வதன் கடினமும் பெற்றோரின் அச்சமும் அதற்குத் தடையாயின.

இதன் விளைவு ஒன்று தெளிவானது. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தன் பள்ளி வகுப்பறையில் முதன்முதலாக அமர்ந்தபோது இரண்டாம் வகுப்பு மாணவராக இருந்தது.

ஒளிபரப்புக் கல்வியின் எல்லை

பெருந்தொற்றுக்கு முன்பே, 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, ஊரடங்கின்போது முதன்மைக் கற்பித்தல் வழியாயிற்று. வகுப்புவாரியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களின்வழிப் பயிற்சித்தாள்களை அனுப்பினர். விலையில்லாப் பாடநூல்கள் வழங்கப்பட்டன.

எனினும், எழுத்தறிமுகம் என்பது ஒருவழிச் செய்தியன்று. குழந்தை எழுதும்போது கையைப் பிடித்துத் திருத்துவதும், ஒலிப்பைக் கேட்டுச் சரிசெய்வதும் அதன் அடிப்படையாகும். தொலைக்காட்சியால் சொல்ல இயலும், கேட்க இயலாது. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதையும் வேலைக்குச் செல்லும் தந்தை எடுத்துச்சென்றால், குழந்தையின் பள்ளி மாலையில்தான் தொடங்கியது. அந்நேரத்தில் ஆசிரியரின் இடத்தைத் தாயோ மூத்த உடன்பிறப்போ ஏற்கவேண்டியிருந்தது. எழுத்தறிவு குறைந்த பெற்றோரின் குழந்தைகளுக்கு அத்துணையும் கிட்டவில்லை.

உணவுவழித் தொடர்பு

கற்பித்தல் தடைப்பட்டபோதும், சத்துணவு பள்ளிக்கும் குடும்பத்துக்கும் இடையிலான இழையை அறாமல் காத்தது. சமைத்த உணவுக்கு மாற்றாக அரிசி, பருப்பு முதலிய உலர் பொருள்களும், பின்னர் முட்டையும் வழங்கப்பட்டன. அவற்றைப் பெறப் பெற்றோர் பள்ளிக்கு வந்தனர். பாடநூல் வழங்கலும் சேர்க்கையும் இவ்வாறே பெற்றோரையும் ஆசிரியரையும் சந்திக்கச் செய்தன. ஆயினும், வகுப்பறையில் தனக்கெனத் தட்டேந்திய குழந்தையின் உணவு, குடும்பத்தின் பொதுப் பானைக்குள் சென்று பங்காயிற்று என்பதையும் மறுப்பதற்கில்லை.

தெருவுக்கு வந்த வகுப்பறை

கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகிலுள்ள முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கப்பட்டது. முதலில் 12 மாவட்டங்களிலும் பின்னர் மாநிலம் முழுவதிலும் இது நடைமுறைக்கு வந்தது. தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம், ஏறத்தாழ 20 குழந்தைகளுக்குக் கற்பித்தனர். திண்ணை, கோயில் வளாகம், சமுதாயக்கூடம், மரத்தடி ஆகியவை கற்குமிடங்களாயின. தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெண்களே. குழந்தையை முன்பே அறிந்தவர் என்பதால், பள்ளியை மறந்திருந்த குழந்தைக்கு அவர் பாலமாக அமைந்தார்.

இத்திட்டம் விமர்சனத்துக்கும் உள்ளாயிற்று. பயிற்சி பெற்ற ஆசிரியரின் பணியைத் தன்னார்வலரிடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா எழுந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை மட்டுமே பெற்ற இப்பெண்களின் உழைப்பைத் ‘தன்னார்வம்’ என்னும் சொல் மறைத்துவிடுகிறது என்பதும் கருதத்தக்கது.

மீள்திறப்பும் நிலைத்த மாற்றங்களும்

2021 நவம்பரில் முகக்கவசம், உடல்வெப்பப் பரிசோதனை, சுழற்சிமுறை வருகை ஆகியவற்றுடன் பள்ளிகள் திறந்தன. தொடக்க நாள்களில் பாடத்தைவிடக் கதை, பாடல், ஓவியம் ஆகியவற்றுக்கு முதன்மை தரப்பட்டது. 2022 சனவரியில் மூன்றாம் அலையால் மீண்டும் மூடப்பட்ட பள்ளிகள் பிப்ரவரி 1 அன்று திறந்தன.

நெருக்கடிக்காலப் பட்டறிவு கொள்கையாகவும் மாறியது. 2022 சூன் 13 அன்று தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறுவதை இலக்காக்கியது. வகுப்பால் அன்றி, கற்றல்நிலையால் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிக்கும் முறையை அது முன்வைத்தது. பெற்றோர் நான்கில் மூன்று பங்கினராக அமையவேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அதே ஆண்டில் மறுகட்டமைக்கப்பட்டன. செப்டம்பர் 15 அன்று காலை உணவுத் திட்டமும் தொடங்கியது.

முடிவுரை

தொடக்கப்பள்ளிச் சமூகத்தைத் தாங்கியவை புதிய தொழில்நுட்பங்களைவிட, சத்துணவு, அருகமைப் பள்ளி, ஊரறிந்த மனிதர் ஆகிய பழைய உறவுகளே என்பது இவ்வாய்வால் புலனாகிறது. ‘தகவமைப்பு’ எனப் பாராட்டப்படுவதன் பெரும்பகுதி தாய்மாரும் இளம்பெண்களும் ஏற்ற சுமையே ஆகும். மறுமுறை பள்ளிகளை மூடவேண்டிய நிலை நேரின், எந்த வகுப்பை முதலில் திறப்பது என்னும் முடிவைத் தேர்வு அட்டவணை தீர்மானித்தல் கூடாது. எழுத்தை இன்னும் அறியாத குழந்தையின் தேவையே அதனைத் தீர்மானிக்கவேண்டும்.