அரையணாவும் ஓரணாவும்: மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளரின் ஊதியப் பிடித்தங்கள்

ஆய்வுச்சுருக்கம்

ஊதியத்திலிருந்து கழிக்கப்படும் தொகை எதுவாயினும் தமிழ் வழக்கு அதனைப் 'பிடித்தம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. அபராதம், வாடகை, முன்பணம், வைப்பு நிதி, வருமான வரி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். மதுரைப் பஞ்சாலைத் தொழிலாளரை முன்வைத்து, 1936 முதல் 1952 வரையிலான சட்டங்கள் பிடித்தத்தின் இயல்பை மாற்றிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரை, பஞ்சாலை, ஊதியம், பிடித்தம், அபராதம், வைப்பு நிதி, வருமான வரி.

வரி எல்லைக்குக் கீழே

மதுரைத் தொழிலாளரின் பிடித்த வரலாற்றை வருமான வரியிலிருந்து தொடங்க இயலாது. 1886ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த வருவாயை விலக்கியது. 1903இல் இவ்வரம்பு 1,000 ரூபாயாகவும், 1919இல் 2,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலையில் நூல் நூற்ற சாதாரணத் தொழிலாளி இவ்வரம்பின் அருகிலும் வந்ததில்லை. வேளாண் வருவாய்க்கு விலக்கு அளிக்கப்பட்டதால், பெரியாற்றுப் பாசனத்தில் செழித்த நிலவுடைமையாளரும் இவ்வரிக்கு வெளியே நின்றனர். இருவரும் வரி செலுத்தவில்லை என்பது உண்மை. அதனால் இருவர் நிலையும் ஒன்றாகிவிடாது.

தொழிலாளியிடமிருந்து அரசு வரி பிடிக்கவில்லையாயினும் முதலாளி அபராதம் பிடித்தார். தாமதமாக வந்தமை, வேலையில் குறை, மேலாளருக்குக் கீழ்ப்படியாமை முதலியன இந்திய ஆலைகளில் பொதுவாகக் காட்டப்பட்ட காரணங்கள். அபராதத் தொகைக்குச் சட்ட வரம்பு எதுவும் இல்லாத அக்காலத்தில், மாத முடிவில் கைக்கு வரும் தொகையைத் தொழிலாளி முன்கூட்டி அறிய வழியில்லை. 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கமாக ஒன்றுதிரண்டதில் ஜார்ஜ் ஜோசப்பின் பங்கு பெரிது. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் அச்சங்கம் ஈட்டிய தொடக்க வெற்றிகள். கூலி உயர்வைக் கேட்கும் வரலாற்றாசிரியர், உயர்ந்த கூலியில் எவ்வளவு கைக்கு வந்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

1936ஆம் ஆண்டுச் சட்டம்

விட்லி ஆணையம் என அறியப்படும் அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 1936ஆம் ஆண்டு ஊதிய வழங்கல் சட்டம் தொழிற்சாலைகளுக்கும் இரயில்வேக்கும் முதலில் பொருந்தியது; மாதம் 200 ரூபாய்க்குக் குறைந்த ஊதியம் பெறுவோரைக் காத்தது. தான் பட்டியலிட்டவை தவிர வேறு எதையும் ஊதியத்திலிருந்து பிடிக்கலாகாது என்று அது விதித்தது. அபராதத்திற்குரிய குற்றங்கள் ஆலையில் அறிவிப்பாக ஒட்டப்பட வேண்டும். தொழிலாளி தன் விளக்கத்தைக் கூற வாய்ப்பளிக்க வேண்டும். 15 வயது நிரம்பாதோர்க்கு அபராதம் கூடாது. தண்டிய தொகை பதிவேட்டில் ஏறி, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும்.

அபராதத்தின் உச்சவரம்பு ரூபாய்க்கு அரையணா, அதாவது 6 பைசா (அக்காலக் கணக்கில் அணாவுக்கு 12 பைசா). 1886ஆம் ஆண்டுச் சட்டம் 2,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்ற அலுவலரிடம் ரூபாய்க்கு 5 பைசாவே வரியாகப் பெற்றது. 1930களில் வரி வீதங்கள் உயர்ந்துவிட்டன. எனவே இவ்விரண்டையும் நேராக நிறுத்த முடியாது. ஆயினும் காப்புச் சட்டம் எனப் போற்றப்பட்டது அனுமதித்த அபராதம், அரை நூற்றாண்டுக்கு முன் உயர் சம்பளக்காரர் செலுத்திய வரியினும் மிகுதி என்பது கருதத்தக்கது.

இதனினும் கடுமையான விதி வேறோர் இடத்தில் உள்ளது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து, உரிய முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இன்றி வேலைக்கு வராதிருந்தால், ஒப்பந்த நிபந்தனை இடமளிக்குமாயின், வராத நாள்களின் கூலியோடு மேலும் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம். மாதம் 26 வேலை நாள்களுக்கு 20 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருக்கு விதிக்கத்தக்க அபராதம் 10 அணா. எட்டு நாள் கூலியோ 6 ரூபாய்க்கும் மேல். தனியாள் செய்த குற்றத்தைவிடப் பத்துப்பேர் கூடியதற்குச் சட்டம் ஏறத்தாழப் பத்து மடங்கு விலை வைத்தது. வேலைநிறுத்தம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே வேலைநிறுத்தத்தைத் தண்டிக்கும் விதி இது.

திரும்பி வரும் பிடித்தம்

1948ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் (ஈ.எஸ்.ஐ.), 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் (பி.எப்.) பிடித்தத்திற்கு வேறொரு பொருள் தந்தன. வைப்பு நிதி முதலில் ஆறு தொழில்களுக்கே விதிக்கப்பட்டது. நெசவுத்தொழில் அவற்றுள் ஒன்று. தொடக்க வீதம் 6¼ விழுக்காடு. இன்று விந்தையாகத் தோன்றும் இப்பின்னம் ரூபாய்க்கு ஓரணா என்பதன் மறுவடிவமே. முன்னரே கூறிய 20 ரூபாய்க்காரரின் அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் அவ்வளவே எனில், அவரிடம் 1 ரூபாய் 4 அணா பிடிக்கப்படும். ஆனால் முதலாளியும் அதே தொகையைச் செலுத்த வேண்டும். இரண்டும் தொழிலாளியின் பெயரிலேயே சேரும். 1936ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கையைக் கட்டியது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவரது பையையும் திறக்கச் செய்தது.

இக்காப்பு எல்லோர்க்கும் எட்டவில்லை. ஐம்பது பேருக்குக் குறைந்த ஆலைகள் தொடக்கத்தில் விலக்கப்பட்டன. மதுரை நகரின் சௌராட்டிரக் கைத்தறி நெசவாளர்க்கு உருப்படிக் கூலியிலிருந்து முன்பணம் கழிக்கப்படுவதே அறிந்த பிடித்தம். சுற்றுவட்டச் சமவெளியின் பண்ணையாட்களுக்கு நெற்கூலியிலேயே கடன் நேர்செய்யப்பட்டது. அங்குப் பதிவேடும் இல்லை. முறையிட அதிகாரியும் இல்லை.

மதுரை நெசவுத்தொழிலின் வருமான வரி வரலாறு தொழிலாளியின் சம்பளச் சீட்டில் இல்லை, வழக்குத் தொகுப்புகளில் உள்ளது. ஸ்ரீ மீனாட்சி மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956இல் அளித்த தீர்ப்பு, மெய்ந்நிகழ்வுப் பிரச்சினைக்கும் சட்டப் பிரச்சினைக்கும் உள்ள எல்லையை வரையறுத்ததற்காக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. நிறுவனத்தின் கணக்கு தில்லி வரை செல்ல முடிந்தது; அரையணா அபராதத்தை எதிர்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்த தொழிலாளிக்கு உள்ளூர் அதிகாரியின் மேசையே தொலைவாக இருந்திருக்கும்.

அணா 1957இல் நாணயக் கணக்கிலிருந்து விலகியது. அபராத வரம்பை 1982ஆம் ஆண்டுத் திருத்தம் 3 விழுக்காடாக்கியது. 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்தொகுப்பும் அதே 3 விழுக்காட்டை வைத்துக்கொண்டது. எட்டு நாள் கூலி விதியும் அத்தொகுப்பில் தொடர்கிறது.