முகம் மகனுடையது

2020-ல் பிரிஸ்டலில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்தில் தள்ளியபோது, எனக்குப் பினாங்கு ஞாபகம்தான் வந்தது. அங்கே கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரான்சிஸ் லைட் நிற்கிறார். 1936-ல் வைத்த சிலை. அவருடைய படம் ஏதும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகத்தைப் பார்த்து வடித்தார்கள். லைட்டுடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது 1794-ல் எழுதிய உயில். வீடு, நிலத்தோடு அடிமைகளும் அதில் வருகிறார்கள்.

சிலையை எடுத்தால் வரலாறு அழிஞ்சிடும் என்கிறார்கள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927-ல் அதை எதிர்த்து சத்தியாகிரகம் செய்து பலர் சிறைக்குப் போனார்கள். 1937-ல் ராஜாஜி ஆட்சியில் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. நீல் மறந்தா போனான்? அவனோடு சேர்த்து அந்தப் போராட்டமும் நினைவில் நிற்கிறது.

பெக்கோக்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் இன்று செம்பனை. லயம் இருந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. சஞ்சிக்கூலி முறையை மலாயாவில் 1910-ல்தான் நிறுத்தினார்கள். அடிமை என்று சொல்லமாட்டார்கள், ஒப்பந்தம். ஆனால் ஓடினால் சிறை.

லைட்டைக் கடலில் தள்ளச் சொல்லவில்லை. உள்ளே கொண்டுபோய் வைங்க. பக்கத்திலேயே அந்த உயிலையும் வைங்க, தமிழிலும் படிக்கிற மாதிரி.