கிளிஞ்சல் காளவாயிலிருந்து அரியலூர் வரை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணத்துக்கு வரும் கூட்டத்துக்காகப் புதுப்புது விடுதிகள் எழும்புகின்றன. எல்லாம் சிமெண்ட் கட்டடம். சிமெண்ட் வருமுன் இந்தக் கடற்கரையில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்த காரைதான். 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய தரங்கம்பாடியிலும் அதே கதை.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட்தான். 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு, 44 கிலோ கரியமில வாயு. சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினீர்களே, பால்போல் வெளுத்ததே, அந்த வாயு. காரைச் சுவர் ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து அதே வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது. சுட்டபோது கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதி சுவருக்கே திரும்பிவிடும். எரித்த விறகின் புகை தனிக் கணக்கு.

1904-இல் சென்னையில் கடற்சிப்பியை வைத்தே சிமெண்ட் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1939-இல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. (1953-இல் ஊர்ப் பெயருக்காகக் கலைஞர் தண்டவாளத்தில் படுத்தாரே, அந்த ஊர்தான்.) பிறகு கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் முழுக்க ஆலைகள். அங்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அந்தக் கடலின் சிப்பியும் சுண்ணாம்புப் படிவும்தான் இன்று சுரங்கத்தில் வெட்டும் கல்.

சிமெண்ட் இறுகுவது தண்ணீரால். காற்றிலுள்ள வாயுவை அது மெதுவாக, மேலோட்டமாகத்தான் இழுக்கும். ஆழமாக இழுத்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும் என்று பொறியாளர்களே தடுப்பார்கள். எரிபொருளை மாற்றலாம். கல்லிலிருந்து வரும் வாயுவை என்ன செய்வது? ஆலையின் மொத்த வாயுவில் பாதிக்கு மேல் அதுதானே! உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சிமெண்டின் பங்கு நூற்றுக்கு 7, 8. ஏறும் கடலுக்கு முன்னால் நிற்கிறது நம் டெல்டா.

புகைபோக்கியிலேயே பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதைச் செய்து காட்டியது தூத்துக்குடி. அங்கே ஒரு கார உர ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்து சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாட்டை 2016 வாக்கில் தொடங்கியது. கரைசல் தந்தது காரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். அரசு மானியமில்லை. ஆலைக்கு வாயு தேவைப்பட்டது, பிடித்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த உப்பு கண்ணாடி உலைக்குப் போனால் வாயு மறுபடி வெளியேறிவிடும். அதைச் செய்திகள் அதிகம் சொல்லவில்லை.

2019-இல் அதே நிறுவனத்தோடு சேர்ந்து டால்மியா ஓர் அறிவிப்பு செய்தது: அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் பிடிப்போம் என்று. தூத்துக்குடியைப் போல எட்டு மடங்கு. இவ்வளவையும் வாங்குவது யார்? நார்வேயின் பிரெவிக் சிமெண்ட் ஆலையில் பிடிக்கும் வாயு கப்பலேறி வடகடலின் அடியில் போய்ப் புதைகிறது; அரியலூருக்கு அந்த வசதி கிடையாது.

அரியலூர் ஆலைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் இருந்தால், அங்கே நிலவரம் என்ன என்று கீழே எழுதுங்கள்.