பத்திரம் இல்லாதவர்களின் நஞ்சு: லவ் கால்வாய் வரலாற்றில் விடுபட்ட ஒரு குடியிருப்பு

நஞ்சேறிய நகர நிலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தவறாமல் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா ஃபால்ஸ் நகரத்திலிருக்கும் லவ் கால்வாய். கதையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது. ரசாயனக் கம்பெனி ஒன்று கழிவைப் புதைத்தது, மேலே பள்ளிக்கூடமும் வீடுகளும் எழும்பின, பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள், ஒரு சாதாரண இல்லத்தரசி கிளர்ந்தெழுந்தார், அரசு பணிந்தது, சட்டம் வந்தது. இது பொய்க்கதை அல்ல. ஆனால் இதில் ஒரு குடியிருப்பையே காணோம். அதைக் காணாமல் ஆக்கியது எது என்பதுதான் என் கேள்வி. சதி ஒன்றும் தேவைப்படவில்லை. ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது: வீட்டுப் பத்திரம்.

முதலில் கால்வாய். 'லவ்' என்பது காதல் அல்ல, ஓர் ஆளின் பெயர். 1890களில் வில்லியம் லவ் என்ற தொழில்முனைவர் நயாகரா ஆற்று நீரைத் திருப்பி மின்சாரம் எடுத்து ஒரு 'முன்மாதிரி நகரம்' அமைக்கப் புறப்பட்டார். மாறுமின்சாரம் வந்தது. மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை இருந்தாகணும் என்ற கட்டாயம் போயிற்று. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளப் பள்ளம் மட்டும் மிஞ்சியது. (இந்த ஆற்று மின்சாரத்தின் வரலாறு முழுக்க நிலப்பறிப்பின் வரலாறும்கூட. 1960இல் டஸ்கரோரா பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலத்தை நீர்த்தேக்கத்துக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தனியாக எழுதவேண்டிய கதை.) 1942 தொடங்கி 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் அந்தப் பள்ளத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது.

1953இல் அந்த இடத்தை ஹூக்கர் நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. இந்தப் பத்திரத்தை ஓர் அதிகாரப் பிரதியாகவே வாசிக்கவேண்டும். இங்கே ரசாயனக் கழிவு புதைந்திருக்கிறது என்று அதில் இருக்கிறது. அதனால் யாருக்குக் காயமோ சாவோ வந்தாலும் நிறுவனத்தின்மீது வழக்கில்லை என்றும் இருக்கிறது. 'நாங்கதான் முன்னாடியே சொல்லிட்டோமே' என்று கம்பெனி பிற்பாடு வாதாடியது. சொன்னது வாஸ்தவந்தான். யாருக்குச் சொன்னார்கள்? பத்திரத்தில் கையெழுத்திடும் தகுதி உள்ளவர்களுக்கு. அந்த மண்மேல் ஓடிவிளையாடப் போகிற குழந்தை பத்திரத்தின் தரப்பினர் அல்ல. நஞ்சைப் பற்றிய அறிவு சொத்துரிமையின் வழியாகவே பயணம் செய்தது. உரிமை கைமாறியபோது கைமாறியது. உரிமை இல்லாதவர்களிடம் வந்து சேரவே இல்லை.

1955இல் பள்ளிக்கூடம் திறந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. சாக்கடைக் குழாய்க்கும் சாலைக்குமாகத் தோண்டியதில் களிமண் சுவர் உடைந்தது. அதற்கு மேற்கே, தெருவைத் தாண்டினால், கிரிஃபன் மேனர். மத்திய அரசின் நிதியில் கட்டப்பட்ட பொது வீட்டுவசதிக் குடியிருப்பு. சுமார் 250 குடும்பங்கள், பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள், எல்லாருமே வாடகைக்கு இருந்தவர்கள்.

1978 ஆகஸ்ட் 2 அன்று மாநிலச் சுகாதார ஆணையர் அவசரநிலையை அறிவித்தார். கர்ப்பிணிகளும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வெளியேறட்டும் என்றார். ஐந்து நாளில் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் அவசரநிலை அறிவிப்பும் வந்தது. கால்வாயை ஒட்டிய 239 குடும்பங்களின் வீடுகளை அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. பிறகு வேலி. வேலிக்கு வெளியே மிஞ்சிய மக்களின் போராட்டம்தான் லோயிஸ் கிப்ஸ் தலைமையில் உலகறிந்த போராட்டம். அவருடைய அமைப்பின் பெயரைக் கவனியுங்கள்: லவ் கால்வாய் வீட்டு உரிமையாளர் சங்கம்.

கிப்ஸைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. அவர் கணவர் ரசாயனத் தொழிற்சாலைத் தொழிலாளி. அக்கம்பக்கத்தில் பலரும் அப்படித்தான்: கம்பெனியில் உழைத்து, கடன் வாங்கிச் சின்னதாய் ஒரு வீடு கட்டியவர்கள். வசதி படைத்தவர்களுக்கும் ஏழைகளுக்கும் நடந்த சண்டை என்று இதை நாம் சுலபமாக வகைப்படுத்திவிட முடியாது. ஒரே நகரத்தின் உழைக்கும் மக்கள், ஒரே நஞ்சு, நடுவில் ஒரு தெரு. அந்தத் தெருவின் இரு பக்கமும் பத்திரத்தாலும் நிறத்தாலும் பிரிக்கப்பட்டிருந்தன. வர்க்கம் என்ற சொல்லை வைத்து மட்டும் இதைத் திறக்க முயன்ற நம் தோழர்களுக்கு இந்த இடத்தில் சாவி திரும்பாது.

'என் வீட்டை வாங்கிக்கொள்' என்பது உரிமையாளரின் கோரிக்கை. வீட்டின் மதிப்பு சரிந்துவிட்டது, கடன் நிற்கிறது, விற்கவும் வழியில்லை. நியாயமான கோரிக்கைதான். வாடகைக்கு இருக்கும் பெண் என்ன கேட்பது? விற்க அவரிடம் வீடு இல்லை. 'உனக்கென்ன, சாமானைக் கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே' என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். எங்கே போறது? மானிய வாடகை வீட்டை விட்டால் அதே வாடகையில் இன்னொரு வீடு அந்த நகரத்தில் கறுப்பினக் குடும்பத்துக்கு எளிதில் கிடைக்கக்கூடிய சரக்கல்ல. ஆகவே அவர்கள் தனியாக ஒரு வாடகைதாரர் சங்கம் கண்டார்கள். எலீன் தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண் அதற்குத் தலைமை தாங்கினார். எங்களையும் சோதனை செய்யுங்கள், எங்களையும் இடம் மாற்றுங்கள், கூட்டங்களில் எங்களையும் பேசவிடுங்கள் என்பவை அவர்களின் கோரிக்கைகள். எலிசபெத் பிளம் 2008இல் வெளியிட்ட லவ் கால்வாய் பற்றிய நூல்தான் இவர்களை விரிவாக வரலாற்றுக்குள் கொண்டுவந்தது. இந்தப் பெண்கள் குடியுரிமைப் போராட்டத்தின் மொழியில் பேசினார்கள் என்பதையும், அதிகாரிகளும் ஊடகமும் பக்கத்துத் தெருப் போராளிகளும் அவர்களை எப்படி ஓரங்கட்டினார்கள் என்பதையும் அவர் காட்டுகிறார். முப்பது வருஷம் ஆயிற்று, ஒரு குடியிருப்பு பிரதிக்குள் வருவதற்கு.

இன்னொன்றும் உண்டு. கிப்ஸும் அறிவியலாளர் பெவர்லி பேய்கனும் வீடு வீடாக நோய்க்கணக்கு எடுத்தார்கள். பழைய ஓடைத் தடங்களின் வழியே நோய் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். இல்லத்தரசிகள் சேர்த்த தகவல் உதவாது என்று அதிகாரிகள் தள்ளினார்கள். யாருடைய அறிவு அறிவாகக் கணக்கில் வருகிறது என்ற ஃபூக்கோவின் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று பெண்ணியவாதிகள் இதைக் கொண்டாடுவது சரியே. ஆனால் 'இல்லத்தரசி' என்ற அந்தச் சொல்லிலேயே ஒரு இல்லம் இருக்கிறது. இல்லத்துக்கு அரசியாக இராத பெண்ணின் சாட்சியம் உதவாத தகவல் என்ற தகுதியைக்கூடப் பெறவில்லை.

1980 மே 19 அன்று மக்கள் இரண்டு மத்திய அதிகாரிகளை அறைக்குள் சிறைவைத்தார்கள். இரண்டு நாளில் இரண்டாவது அவசரநிலை. அக்டோபரில் மீதி வீடுகளை வாங்க ஒப்பந்தம். டிசம்பர் 11 அன்று 'சூப்பர்ஃபண்ட்' சட்டம்: நஞ்சு கொட்டியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்கவேண்டும், பொறுப்பானவர் கிடைக்காவிட்டால் ரசாயன, எண்ணெய்க் கம்பெனிகள்மீது விதித்த வரியிலிருந்து செலவு செய்யலாம். பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் மசோதாவில் முதலில் இருந்த ஒரு பகுதி, பாதிக்கப்பட்ட மனிதர்களுக்கான உடல்நல இழப்பீடு, பேரத்தில் கழற்றிவிடப்பட்டது. இந்தச் சட்டத்தின் நோயாளி மண். மண்ணுக்குச் சிகிச்சை உண்டு. மண்மேல் இருந்தவருக்கு இல்லை.

பிறகு மறுவளர்ச்சி. 1988இல் மாநிலச் சுகாதார ஆணையர் ஆக்ஸல்ராட், அவசரநிலைப் பகுதியின் ஒரு பாகம் 'குடியிருக்கத் தக்கது' என்று அறிவித்தார். 'பாதுகாப்பானது' என்று சொல்லவில்லை. இதே வட்டாரத்தில் வேறு சில பகுதிகளோடு ஒப்பிட்டு, அவற்றைவிட மோசமில்லை என்பதே அளவுகோல். ரசாயன ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில், 'பக்கத்து ஊர் மாதிரிதான் இருக்கு' என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று வாசகர்களே முடிவுசெய்துகொள்ளலாம். பகுதிக்குப் பெயர் மாற்றப்பட்டது: பிளாக் கிரீக் வில்லேஜ். காலி வீடுகளைச் செப்பனிட்டு 1990 முதல் சந்தை விலையைவிடக் குறைவாக விற்றார்கள். சுமார் 260 வீடுகள். யார் வாங்குவார்கள்? வேறெங்கும் வீடு வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள். வேலிக்குள்ளே 70 ஏக்கர், களிமண்ணாலும் பிளாஸ்டிக் விரிப்பாலும் மூடிய கழிவு அப்படியே கிடக்கிறது. 2004இல் தேசிய முன்னுரிமைப் பட்டியலிலிருந்து இடத்தின் பெயர் நீக்கப்பட்டது. 2011இல் பக்கத்துச் சாலையில் சாக்கடை வேலை நடந்தபோது ரசாயனம் வெளிப்பட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கிரிஃபன் மேனர்? அது இடிக்கப்பட்டது. உரிமையாளரின் வீடுகள் மறுபடி சந்தைக்கு வந்தன. வாடகைதாரரின் குடியிருப்பு வரவில்லை.

'பிரவுன்ஃபீல்ட்' என்ற சொல் இந்த இடத்திலிருந்துதான் எனக்குப் புரிகிறது. பழைய தொழிற்சாலை நிலம், நஞ்சு இருக்கலாம் என்ற அச்சத்தால் யாரும் தொடாத நிலம். 1993இல் கிளீவ்லாந்து நகரம் அமைந்த குயஹோகா வட்டத்தில் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை இதற்கு முதல் சோதனைத் திட்டம் தொடங்கியது. தமிழில் என்ன சொல்லலாம் என்று நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். 'புறம்போக்கு' என்றார் ஒருவர் பாதி கேலியாக. கேலி என்று விட்டுவிட முடியவில்லை. புறம்போக்கு என்பது வரி வராத நிலம் என்ற வருவாய்த்துறை வகைப்பாடு. அங்கே யார் குடியிருந்தாலும் ஏட்டில் அது காலி. 2002ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும் பிரவுன்ஃபீல்டை வரையறுப்பது அதே கண்ணால்தான்: விரிவாக்கத்தையோ மறுவளர்ச்சியையோ மறுபயன்பாட்டையோ மாசு சிக்கலாக்கக்கூடிய சொத்து. சிக்கல் முதலீட்டுக்கு. பக்கத்தில் மூச்சுவிடுகிறவருக்கு அல்ல. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே சிறு தொழில்களுக்குப் 'பொறுப்பிலிருந்து நிவாரணம்' இருக்கிறது. 1953ஆம் ஆண்டு ஒரு டாலர் பத்திரத்தின் ஷரத்து எனக்கு ஞாபகம் வருகிறது.

அங்கே மாற்றுக்குரல் இல்லை என்று சொல்லவில்லை. 1982இல் வட கரோலினாவின் வாரன் வட்டத்தில் பிசிபி கழிவுக் குழிக்கு எதிராகக் கறுப்பின மக்கள் லாரிகளின் முன்னால் படுத்தார்கள். 1987இல் ஒரு கிறித்தவ திருச்சபையின் ஆய்வு, நச்சுக்கழிவு எங்கே வருகிறது என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனம் வலுவான காரணி என்று காட்டியது. 1995இல் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, டெட்ராய்ட், ஓக்லாந்து, அட்லாண்டா ஆகிய ஐந்து நகரங்களில் பிரவுன்ஃபீல்ட் பற்றி மக்கள் உரையாடல்கள் நடந்தன. அதிலிருந்து 1996இல் வந்த அறிக்கை, நகர மறுவளர்ச்சியும் நகரப் புத்துயிர்ப்பும் ஒன்றல்ல என்று பிரித்துச் சொன்னது. முன்னது இருப்பவரை வெளியேற்றி நிலத்தை உயர்த்துவது. பின்னது இருப்பவரிடமிருந்தே தொடங்குவது. சூப்பர்ஃபண்ட் வரியோ அதற்கு முந்தைய ஆண்டின் முடிவிலேயே காலாவதியாகியிருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம்தான் ரசாயனங்கள்மீது மறுபடி வரி போட்டது. சுற்றுச்சூழல் நீதிக்காக 1994இல் கிளிண்டன் பிறப்பித்த ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்துசெய்தார்.

திட்ட ஆவணங்களில் 'போதிய சேவை கிடைக்காத சமூகங்கள்' என்ற தொடர் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. மரியாதையான தொடர். யாரோ மறந்துபோய்ச் சேவையை அனுப்பாமல் விட்டுவிட்டது போன்ற தொனி. கிரிஃபன் மேனர் சேவை கிடைக்காத இடமல்லவே. அது அரசாங்கமே கட்டி, அரசாங்கமே வாடகை வசூலித்த இடம். கழிவுக்குழிக்குத் தெரு தாண்டி வீடு என்பதுதான் அங்கே கிடைத்த சேவை. கழிவை மூடியிருக்கும் களிமண்ணின் அடியிலிருந்து வடியும் நீரை ஹூக்கரை வாங்கிய ஆக்சிடெண்டல் நிறுவனத்தின் துணைநிறுவனம் இறைத்துச் சுத்திகரித்து வருகிறது. அந்த வேலைக்கு முடிவு தேதி கிடையாது.