ஒரே டிக்கெட்டில் எழும்பூர் டு கொழும்பு

போன செமஸ்டரில் எங்களுக்கு 'த்ரூ பில் ஆஃப் லேடிங்' என்று ஒரு தலைப்பு வந்தது. சரக்கு முதலில் லாரியில் போகும், பிறகு கப்பலில் ஏறும், இறங்கி ரயிலில் போகும். ஆனால் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஒரு பத்திரம்தான். நடுவில் எத்தனை வண்டி மாறினாலும் அனுப்பியவருக்குக் கவலை இல்லை. ஐந்து மார்க் கேள்வி. வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாயி கேட்டார்: "என்னடா சாமி அது, கப்பல்ல ஏறி எறங்கி ரயில்ல போறது?"

விளக்கினேன். "நாங்களும் அப்படித்தானே வந்தோம்" என்றார்.

அப்பாயி 1973-ல் இலங்கை ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருச்சி வந்தவர். அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் எப்படி வந்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். அப்புறம் நூலகத்தில் தேட ஆரம்பித்து... ஐந்து மார்க் கேள்வி இவ்வளவு நீளமான கட்டுரையாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!

தூத்துக்குடி வழி

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலைப் பெரியவர்கள் இன்றும் 'போட் மெயில்' என்பார்கள். ரயிலுக்கு எதற்குப் படகின் பெயர்? அந்த ரயில் ஒரு காலத்தில் கப்பலில் ஏறப் போகிறவர்களையும் தபாலையும் சுமந்துகொண்டு போனதால்தான்.

முதலில் இந்த வழி ராமேஸ்வரத்துக்குப் போகவில்லை, தூத்துக்குடிக்குப் போனது. 1876-ல் ரயில் தூத்துக்குடியைத் தொட்டது. அங்கே இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏற வேண்டும். கடலில் ஆழம் போதாது. அதனால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நிற்கும். சிறு படகில் போய் ஏற வேண்டும், ஓர் இரவு முழுக்கக் கடலில் போக வேண்டும். இந்த வழியில்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கி விட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடு மோதினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. வ.உ.சி. 1908-ல் சிறைக்குப் போனார், கம்பெனியும் சில வருடங்களில் மூடப்பட்டது. எங்கள் பாடத்தில் 'ப்ரைஸ் வார்' என்று வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1914: ரயில் நிற்கும் இடத்தில் கப்பல்

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளம். நடுவில் கப்பல் போவதற்குத் தூக்கித் திறக்கும் பகுதி. அதை ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முறையில் கட்டினார்கள். இதனால் ரயில் நேராகத் தீவுக்குள் புகுந்து தனுஷ்கோடி முனைக்கே போய்விட்டது. எதிர்க்கரையில் தலைமன்னார். நடுவில் இருக்கும் கடல் சுமார் 22 மைல்தான்! ஒரு ராத்திரி கடல் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது.

அதே ஆண்டில் இலங்கை அரசும் தன் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து மன்னார் வழியாகத் தலைமன்னாருக்குத் தண்டவாளம் போட்டது. அங்கே கப்பல் நிற்கும் துறைமேடை வரைக்கும் ரயில் வந்தது. அதாவது கப்பலிலிருந்து இறங்கினால் எதிரே ரயில் தயாராக நிற்கும். எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு கோட்டை ஸ்டேஷன் வரை போகலாம். ரயில், கப்பல், மறுபடி ரயில். எங்கள் 'த்ரூ பில் ஆஃப் லேடிங்' மனிதர்களுக்கு வந்த மாதிரி!

கப்பல்களைத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியே ஓட்டியது. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னால் வந்தவை இர்வின், கோஷன். நான்கு பேர் வைஸ்ராய், ஒருவர் சென்னை கவர்னர். யாருடைய கப்பல் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் மேலேயே தண்டவாளம் போட்டு ரயிலை நேரே இலங்கைக்கு விடலாம் என்ற யோசனையும் அந்தக் காலத்தில் இருந்தது, நடக்கவில்லை. நடந்திருந்தாலும் வண்டி மாறித்தான் ஆகவேண்டும். நம் பக்கம் இருந்தது மீட்டர் கேஜ், இலங்கையில் இருந்தது அகலப்பாதை. ஒரு பெட்டிகூட இங்கிருந்து அங்கே ஓடியிருக்காது. இரண்டு நாட்டையும் இணைத்தது டிக்கெட் மட்டும்தான்.

அந்த டிக்கெட்டை வாங்கியது யார்?

இதுவரைக்கும் படித்தால் ரொம்ப அழகான கதை. பழைய போட்டோக்களில் தொப்பி போட்ட துரைமார்கள் இறங்குவார்கள், பெட்டி தூக்கக் கூலிகள் இருப்பார்கள். ஆனால் இந்த வழியில் போனவர்களில் பெரிய கூட்டம் துரைமார்கள் இல்லை, தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள்.

ரயில் வருவதற்கு முன்னால் அவர்கள் எப்படிப் போனார்கள்? காப்பித் தோட்டக் காலத்தில், அதாவது 1830-களுக்குப் பின், படகில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து நடந்தார்கள். மன்னார், மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியில் மலைக்கு நடை. தண்ணீர் இல்லாமலும் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914-ல் போட்ட மன்னார்–மதவாச்சி ரயில் பாதை, ஏறக்குறைய அந்த நடைபாதையின் முதல் பகுதி வழியாகத்தான் போகிறது. அந்த மேப்பைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

ரயில் வந்தபிறகு நடை நின்றது. அது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரயில் இல்லை. முதல் வகுப்புக்காரர் ரயிலிலிருந்து கப்பல், கப்பலிலிருந்து ரயில் என்று போய்க்கொண்டே இருப்பார். தோட்டத்துக்குப் போகிறவர் மண்டபத்தில் இறங்க வேண்டும். அங்கே இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம்! அம்மை குத்தி, துணிகளை மருந்து போட்டு அலசி, நோய் இல்லை என்று தெரியும்வரை நாட்கணக்கில் வைத்திருந்து, அப்புறம்தான் கப்பல்.

அவர்களின் டிக்கெட்டும் வேறு. 1900-களின் தொடக்கத்தில் 'டின் டிக்கெட்' என்று ஒன்று வந்தது. பெயர் மாதிரியே தகரத்தில் செய்த வில்லை. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் அதில் அடித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அதைக் காட்டினால் வழியில் எங்கேயும் காசு கேட்க மாட்டார்கள். செலவு மொத்தமும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். தோட்டம் அதைக் கங்காணி தலையில் எழுதும், கங்காணி தொழிலாளி தலையில் எழுதுவார். ஆள் மலை ஏறி முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன்பே கடன்காரர்.

காமர்ஸ் படிக்கிறவனாக இதை எப்படிச் சொல்வேன்? போஸ்ட் ஆபீஸில் வி.பி.பி. பார்சல் என்று உண்டு. போய்ச் சேருகிற இடத்தில் பணம் கட்டி எடுத்துக்கொள்வது. அதேதான்! பார்சலின் கழுத்தில் தகரம் கட்டியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிற்காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியது. கடனை எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921-ல் ஒழிக்கப்பட்டது. இந்திய அரசின் 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின் பயணச் செலவைத் தொழிலாளி தலையில் எழுதுவதும் நின்றது. 1939-ல் இந்திய அரசு உடல் உழைப்பு வேலைக்கு ஆட்கள் இலங்கை போவதையே தடை செய்தது.

போய் வந்தது வினையானது

ரயிலும் கப்பலும் சேர்ந்ததால் நடந்த இன்னொரு விஷயம்: போனவர்கள் திரும்பி வர முடிந்தது. நடந்து போன காலத்தில் ஊருக்குத் திரும்புவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். போட் மெயில் காலத்தில் கல்யாணம், சாவு, குலசாமி கும்பிடு என்று கையில் கொஞ்சம் காசு இருந்தால் வந்து போகலாம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கும் துறையூர் பக்கத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் 'ஊர்' இருந்தது.

இதுவே பின்னால் வினையானது. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றவுடன் வந்த குடியுரிமைச் சட்டத்தில் பெரும்பாலான தோட்டத் தமிழர்கள் குடியுரிமை இல்லாதவர்களானார்கள். 1949-ல் விண்ணப்பிக்க ஒரு சட்டம் வந்தது. அதில், இடைவிடாமல் இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். திருமணமானவர்களுக்கு 7 ஆண்டு, ஆகாதவர்களுக்கு 10 ஆண்டு. எழுத்தறிவில்லாத மனுஷர், லயத்து அறையில் வாழ்ந்தவர், எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? ஊருக்கு வந்து போனதே 'இவர்கள் இங்கே நிலையாக இருப்பவர்கள் இல்லை' என்று வாதிடுகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால், கர்சன் கப்பலில் வந்து போன துரையை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

1964

அந்த ஒரே வருடத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். (பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.)

டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயல். பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. யாரும் பிழைக்கவில்லை. ஸ்டேஷன், துறைமேடை, ஊர் எல்லாம் அழிந்தன. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாளில் சரி செய்தார்கள். (பின்னாளில் டில்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன்.) ஆனால் தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் போகவில்லை. அதற்குப் பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது.

ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் வந்தது இந்தக் கப்பலில்தான். அப்பாயியும் அதில் ஒருவர்.

"ஹட்டன்ல கோச்சி ஏறினோம். தலைமன்னார்ல எறங்கி கப்பலு. ராமேஸ்வரத்துல எறங்குனா எல்லாரும் ரயிலு, ரயிலுங்குறாங்க. நான் கோச்சி எங்கன்னு கேட்டேன், சிரிச்சாங்க" என்றார். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். கப்பல் விட்டு இறங்கிய உடனே அவருடைய ஒரு வார்த்தை செல்லாக்காசாகிவிட்டது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு, இரண்டு டிரங்குப் பெட்டியோடு சில நாள் காத்திருந்து திருச்சி ரயில் ஏறியிருக்கிறார்கள். "அப்பாயி, உங்களுக்கும் ஒரே டிக்கெட்டா?" என்று கேட்டேன்.

"ஒரே டிக்கெட்டுதான். திரும்பிப் போறதுக்குத்தான் இல்ல."

இப்போது

1980-களில் போர்ச் சூழலில் ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. 1990-ல் தலைமன்னார் ரயிலும் நின்றது, தண்டவாளமே இல்லாமல் போனது. மண்டபம் முகாம் 1983-க்குப் பின் அகதிகள் முகாமானது. அதே மண்டபம், இந்த முறை எதிர்த்திசையில் வந்தவர்கள். போருக்குப் பின் இந்திய நிறுவனமான இர்கான் அந்தப் பாதையை மறுபடி போட்டு, 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. எதிர்க்கரையில் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாகிவிட்டது. தண்டவாளம், பாலம், கப்பல் மூன்றையும் திரும்பக் கட்ட முடிகிறது.

பாடத்தில் 'த்ரூ பில்' நன்மைகள் என்று ஆறு பாயிண்ட் இருக்கிறது. நேரம் மிச்சம், செலவு குறைவு... எல்லாம் சரிதான். ஆனால் இதைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது, அந்தப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தன் காசில் டிக்கெட் வாங்கியவருக்குக் கப்பலடியில் ரயில் காத்திருந்தது. அடுத்தவர் கணக்கில் வந்தவர் ரயிலுக்காகக் காத்திருந்தார். வழி ஒன்றுதான், கடல் ஒன்றுதான்.

உங்கள் வீட்டிலும் கடல் தாண்டி வந்த பெரியவர்கள் இருந்தால், கப்பலிலிருந்து இறங்கினபிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் கதையை எல்லாரும் சொல்வார்கள், அதற்கப்புறம் நடந்ததை நாம்தான் கேட்க வேண்டும். எனக்கு அதைக் கேட்க இருபது வருஷம் ஆனது.