மேஸ் அறுவை சிகிச்சை

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் கோளாறுக்கான அறுவை முறை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் 1987-இல் இதை முதன்முதலாக நோயாளிக்குச் செய்தார்.

இக்கோளாறில் மின்னலைகள் மேலறைச் சுவர்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. காக்ஸ் அச்சுவர்களைக் குறிப்பிட்ட கோடுகளில் வெட்டி, மறுபடி தைத்தார். தையல் ஆறிய தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது. அலை சுழல வழியின்றி, விடப்பட்ட ஒரே பாதையில் கீழறைகளுக்கு இறங்கும். எளிமையான யோசனைதான்; ஆனால் நிறுத்திவைத்த இதயத்தில் அத்தனை தையல் போடப் பலர் துணியவில்லை. 2002-இல் வந்த நான்காம் வடிவத்தில், பெரும்பாலான வெட்டுகளுக்குப் பதிலாக ரேடியோ அலைச் சூடும் உறைகுளிரும் தழும்பை உண்டாக்கின.

தனியாகச் செய்வதைவிட, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் அறுவையோடு சேர்த்துச் செய்வதே வழக்கம். வால்வு பழுதானால் இடது மேலறை விரிந்து துடிப்பும் கெடுகிறது. வால்வை எட்டவும் அதே அறையைத்தான் திறக்க வேண்டும். இரத்தக்கட்டிகள் பெரும்பாலும் உருவாகும் இடது மேலறையின் காதுமடல் போன்ற பையையும் அப்போதே நீக்குவார்கள் அல்லது அடைத்துவிடுவார்கள். அறை மிகவும் விரிந்துவிட்டவர்களுக்குப் பலன் குறைவு.

துடிப்பு சீரானாலும், பழுதான வால்வுக்குப் பதிலாக உலோக வால்வு பொருத்திக்கொண்டவர் வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையை ஆயுள் முழுக்க எடுத்தாக வேண்டும்.