பேராயர் கிரௌதரும் யொருபா மொழியும்

இன்று நைஜீரியா என வழங்கும் நாட்டின் தென்மேற்கே ஓசோகுன் என்னும் ஊர் இருந்தது. 1821-ஆம் ஆண்டில் அடிமை பிடிப்போர் அவ்வூரைச் சூறையாடினர். சிறைப்பட்டோருள் பன்னிரண்டு வயதளவினனான அஜாயி என்னும் யொருபாச் சிறுவனும் ஒருவன். பலர் கைமாறி விற்கப்பட்டு, இறுதியில் போர்ச்சுக்கீசியக் கப்பலில் ஏற்றப்பட்ட அவனை, 1822-இல் பிரிட்டிஷ் கடற்படை மீட்டுச் சியரா லியோனில் சேர்த்தது. 1825-இல் திருமுழுக்குப் பெற்ற அச்சிறுவனே சாமுவேல் அஜாயி கிரௌதர்.

1843-இல் அவர் இலண்டனில் குருப்பட்டம் பெற்றார். யொருபாச் சொற்றொகுதி ஒன்றையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். 1846-இல் அபேயோகுட்டா நகரில் சமயப் பணியாற்றச் சென்றவர், கால் நூற்றாண்டுக்கு முன் பிரிந்த தம் தாயை அங்கே கண்டார். தாயைப் போலவே தாய்மொழியும் அவருக்கு இழந்து பெற்ற செல்வமாயிற்று.

விவிலியத்தை யொருபாவில் பெயர்க்கப் புகுந்தவர்க்குச் சொல்தேர்வே பெருஞ்சிக்கல். இறைவனைக் குறிக்க அயற்சொல்லை நாடாது, 'வானுக்குரியோன்' எனப் பொருள்படும் 'ஒலோருன்' என்னும் மக்கள் வழக்கையே அவர் கொண்டார். சமய குருவுக்கோ, இசுலாமிய அறிஞரை அம்மக்கள் அழைத்த 'அலுஃபா' என்னும் சொல்லைத் தயங்காது எடுத்தாண்டார். இத்துணைப் பரந்த நோக்குடையவர் ஒரு சொல்லில் தவறினார் என்றே கூறல் வேண்டும். 'எஷு' என்பது யொருபா மரபில் தெய்வங்களுக்கும் மாந்தர்க்கும் இடையே தூது செல்லும், குறும்பும் சூழ்ச்சியும் மிக்க தெய்வம். சாத்தானுக்கு அப்பெயரே இடப்பட்டது. பாட்டனார் படையலிட்டு வணங்கிய தெய்வம் பேரனுக்குப் பேயாயிற்று. அயலார் செய்திருப்பின் அறியாமை எனலாம். செய்தவரோ அம்மண்ணின் மைந்தர்!

1864-இல் கிரௌதர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயரானார். ஆயினும், யொருபா நாட்டில் பணியாற்றிய ஐரோப்பியக் குருமார் ஓர் ஆப்பிரிக்கரின் அதிகாரத்துக்கு உட்பட ஒருப்படவில்லை. எனவே அவர்தம் பணி பெரிதும் நைஜர் ஆற்றங்கரை ஊர்களிலேயே நிகழ்ந்தது. சொந்த மொழியினரைவிட்டு, வேற்றுமொழி பேசும் இக்போ முதலான மக்களிடையே அவர் முதுமைவரை உழைத்தார்.

அங்கும் அமைதி கிட்டவில்லை. 1890-இல் ஒனிட்சாவில் கூடிய நிதிக்குழுவில், பேரர் வயதுடைய ஆங்கில இளைஞர், முதியவர் மறுத்துரைத்தும் கேளாது, அவருடைய ஆப்பிரிக்கக் குருமார் சிலரைப் பணியிடை நீக்கினர். ஊழியர் சிலரிடம் குறையிருந்தது மெய்யே; ஆனால், பேராயரை ஒரு பொருளாகவே மதியாமை எவ்வகை நீதி? அவர் குழுவினின்றும் விலகினார். 1891 டிசம்பர் 31-இல் மறைந்தார். அவர்தம் இடத்துக்கு ஆங்கிலேயர் ஒருவரே வந்தார். இவ்வநீதிக்காகக் கேன்டர்பரித் தலைமைப் பேராயர் வருத்தம் தெரிவித்தது 2014-இல்தான்.

கிரௌதரின் மொழிபெயர்ப்பே எழுத்து யொருபாவுக்கு அடித்தளமாயிற்று. 'எஷு சாத்தான் அல்லன்' என வாதிடுவோரும் அம்மக்களிடையே இன்றும் உளர்.